கிளிநொச்சியின் தொலைந்த அடையாளங்கள்: ஊர் அருங்காட்சியகம் எதைச் சேர்க்கிறது, ஏன் சேர்க்கிறது?

பழைய படம், காணிப் பெர்மிட், கடைச் சிட்டை, பள்ளிக்கூட றிப்போட், எது இருந்தாலும் சனசமூக நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று வன்னியில் ஓர் அழைப்பு வந்தால் பலருக்கு முதலில் வருவது குழப்பம். அருங்காட்சியகம் என்றால் கல்வெட்டு, சிலை, பழங்காசு என்றுதான் பழகியிருக்கிறோம். நெல்லு மில்லும் பஸ் டிப்போவும் தண்ணீர்த்தாங்கியும் அதற்குள் எப்படி வரும்? இருந்ததெல்லாம் இடிந்துபோன பிறகு எதைக் காட்டப்போகிறார்கள்?

இரண்டும் நியாயமான கேள்விகள். பதிலுக்குக் கிளிநொச்சியின் வயது, தொல்பொருள் சட்டம், காணிப் பிரச்சினை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

## முதலில் சில சொற்கள்

1. அடையாள இடம். வழி சொல்லும்போது வாயில் தானாக வருகிற இடம். "டிப்போச் சந்தியில் இறங்கி உள்ளுக்கு வாங்கோ" என்கிறோமே, அந்தச் சந்தி. பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு புளியமரம், ஒரு கட்டுக்கிணறு, வாய்க்காலின் ஒரு துருசு போதும்.

2. நினைவுச்சின்னம். இதை நினை என்று சொல்லி ஒருவர் எழுப்புவது. எறிகணை துளைத்த பெரிய கொங்கிரீட் கட்டியும் அதன்மேல் விரியும் தாமரையுமாகக் கிளிநொச்சி நகரில் இராணுவம் எழுப்பியது அந்த வகை. அடையாள இடத்தை அப்படி யாரும் எழுப்புவதில்லை. ஊர் புழங்கிப் புழங்கி அது உருவாகும்.

3. தொல்பொருள். இது சட்டத்தின் சொல். அதற்கு வயதெல்லை உண்டு. கீழே விரிவாக வருகிறது.

4. ஊர் அருங்காட்சியகம். நூதனசாலை என்றும் சொல்வோம். தலைநகரத்து அருங்காட்சியகம் பொருளை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும். ஊர் அருங்காட்சியகம் பெரும்பாலும் பொருளைப் படியெடுத்துவிட்டு உரியவரிடமே கொடுத்துவிடும். அது சேர்ப்பது பொருளோடு வரும் கதையை. அதனால்தான் அதற்குக் காட்சிக்கூடத்தைவிட, ஆட்கள் கூடிப் பேசும் நிகழ்வுகள் முக்கியம்.

## இளம் ஊர், நான்கு அடுக்குகள்

கிளிநொச்சி நகரம் 1936இல் ஒரு குடியேற்றத் திட்டமாகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் சனநெருக்கமும் வேலையில்லாத் திண்டாட்டமும் கூடியிருந்த காலம் அது. காணியில்லாதவர்களைத் தெற்கே காட்டுக்குள் கொண்டுவந்து, காடு வெட்டி, நெல் விதைக்க வைத்தார்கள். குளம் ஊருக்கு மூத்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கிவிட்டது. முதலில் குளம், பிறகு வாய்க்கால், கடைசியில் ஊர். அதனால் இந்தப் பக்கத்தின் பழைய முகவரிகள் வீதியைவிட வாய்க்காலோடுதான் ஒட்டிக்கிடக்கும்.

அந்தத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை நகரத்தின் முகம் நான்கு தடவை மாறியிருக்கிறது.

ஒன்று, குடியேற்ற அடுக்கு. 1936 முதல் எண்பதுகளின் தொடக்கம் வரை. சந்தை, கூட்டுறவுச் சங்கம், நெற்களஞ்சியம், மில்கள், டிப்போ, பள்ளிக்கூடங்கள், 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி நிற்கும் ரயில் நிலையம். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த இளைஞர்கள் மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார்கள், உழவு மெசின் வாங்கினார்கள். வடக்கே பரந்தனில் ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை. போர் மூண்ட எண்பதுகளில் அது நின்றுபோனது.

இரண்டு, முதல் அழிவு. 1990 நடுப்பகுதியில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. 1996 செப்டெம்பரில் இராணுவம் நகரத்தைப் பிடித்தது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று காட்டோரங்களுக்கு இடம்பெயர்ந்தது. 1998 செப்டெம்பரில் புலிகள் நகரத்தை மீட்டபோது மிஞ்சியிருந்தவை கூரையில்லாத சுவர்கள். 2009ஐ மட்டும் அழிவின் ஆண்டாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குடியேற்றக் காலத்து நகரம் பெரும்பாலும் தொண்ணூறுகளிலேயே போய்விட்டது.

மூன்று, 2002 முதல் 2008 வரை. போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தது. கிளிநொச்சி புலிகளின் நிர்வாகத் தலைமையிடமானது. சமாதானச் செயலகம், நீதிமன்றம், வங்கி, காவல்துறைப் பணிமனை எல்லாம் ஒரு வீதியை ஒட்டி எழுந்தன. கனகபுரத்தில் மாவீரர் துயிலும் இல்லம். 2009 ஜனவரி 2 அன்று இராணுவம் நுழைந்தபோது நகரத்தில் சனம் இல்லை.

நான்கு, அதற்குப் பிறகு. புதிய ரயில் நிலையம், வங்கிக் கிளைகள், அகல வீதி, இராணுவ நினைவுச்சின்னங்கள். துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 2016 நவம்பரில்தான் கனகபுரத்தில் மக்கள் மறுபடி வெளிப்படையாகக் கூடி விளக்கேற்ற முடிந்தது.

நாலு அடுக்கும் ஒரே நிலத்தில்தான். ஒருவர் "பழைய சந்தையடி" என்றால் எந்த அடுக்கின் சந்தை என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் அருங்காட்சியகத்தின் முதல் வேலை இந்தக் குழப்பத்தைப் பிரிப்பது.

## விழுந்த தாங்கி

வெளியூரில் கிளிநொச்சி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஏ9 ஓரத்தில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த்தாங்கி. போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்தார்கள். பயங்கரவாதத்தின் அழிவு என்று சொல்லும் பலகை வைத்தார்கள். பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் வந்தது.

ஆனால் அது ஊருக்குத் தண்ணீர் கொடுத்த தாங்கி. தூரத்தில் வரும்போதே தெரியும். தாங்கி தெரிந்தால் வீடு கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். விழுந்த பிறகு உலகம் முழுக்கப் படம் போனது. நிமிர்ந்து நின்ற காலத்தில் அதை யார் படமெடுத்தார்கள்? தாங்கியை எடுக்க வேண்டும் என்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஒரு கல்யாணப் படத்திலோ பள்ளி விளையாட்டுப் போட்டிப் படத்திலோ பின்னால் தற்செயலாக நிற்கும். அந்தப் படம்தான் ஊர் அருங்காட்சியகத்துக்கு வேண்டும். ஒரு பொருளின் வாழ்வையும் சாவையும் சேர்த்துக் காட்ட அதைவிட்டால் வேறு வழியில்லை.

## சட்டம் ஏன் கைகொடுக்காது

இலங்கையில் பழையவற்றைப் பாதுகாக்கும் அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதில் இரண்டு வயதெல்லைகள் முக்கியம்.

1. தொல்பொருள் என்று கருதப்பட ஒரு பொருள் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் தேதி அது. கண்டியின் கதைக்குப் பொருந்தும் அந்தக் கோடு வன்னிக்கும் அப்படியே போடப்பட்டிருக்கிறது.

2. அதற்குப் பிற்பட்ட கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அதற்கும் குறைந்தது 100 வயது வேண்டும்.

கிளிநொச்சிக்குப் பொருத்திப் பாருங்கள். 1936இல் முதற் குடியேறியவர் கட்டிய வீடு இன்றுவரை நின்றிருந்தாலும் 2036இல்தான் அந்த வரிசையில் நிற்கவே தகுதி பெறும். இரணைமடு அணைக்கட்டும் 1905இல் வந்த ரயில் பாதையும் வயதைத் தாண்டியவை. மற்றதெல்லாம் சட்டத்தின் கண்ணில் பழசே இல்லை. நூறு வயது வருமுன் திரும்பத் திரும்ப இடிந்த ஒரு நகரத்துக்கு இந்தச் சட்டம் எதைக் காப்பாற்றிக் கொடுக்கும்?

இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை. வன்னியில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நெஞ்சு திக்கென்கிறது. குருந்தூர்மலை, வெடுக்குநாறி மலை, நீராவியடிப் பிள்ளையார் கோயில் என்று ஒவ்வொரு இடத்திலும் நடந்தவை காரணம். வழிபட்ட இடத்துக்குள் போகத் தடை, நீதிமன்ற வழக்கு, கைது என்று அனுபவித்தவர்கள், பழைய பொருளைப் பற்றி யாராவது விசாரித்தால் சந்தேகப்படுவது இயல்பு. ஆகவே ஊர் அருங்காட்சியகம் நடத்துபவர்கள் தாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், யாருக்குக் கொடுப்போம், யாருக்குக் கொடுக்கமாட்டோம் என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பெட்டியைத் திறக்கச் சொன்னால் ஒருவரும் திறக்கமாட்டார்கள். திறக்கவும் கூடாது.

வவுனியாவில் தொல்பொருள் திணைக்களத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய புத்தர் சிலைகள் அங்கே உண்டு. அதன் வேலை வேறு. குடியேற்றக் காலத்து மண்வெட்டிக்கும் மிளகாய்ச் சாக்குக்கும் அங்கே இடமில்லை.

## பெயரில் மிஞ்சியிருப்பவை

கட்டடம் போனாலும் பெயர் சுலபத்தில் போகாது. இதுதான் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

155ஆம் கட்டை என்று ஓர் இடம். மைல்கல் வைத்து வழி சொன்ன காலத்தின் பெயர். கிலோமீற்றர் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றும் கொண்டக்டர் "ஒன் ஃபிஃப்டி ஃபைவ்" என்றால் இறங்குபவர்கள் எழும்புகிறார்கள். கரடிப்போக்குச் சந்தியில் இன்று கடைகளும் ஓட்டோவும். கரடி நடந்த வழி என்று பெயர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உருத்திரபுரம் பக்கம் வாய்க்கால் இலக்கங்களே ஊர்ப் பெயரானவை. நீர்ப்பாசன இஞ்சினியர் வரைபடத்தில் போட்ட எழுத்தும் எண்ணும் மூன்று தலைமுறையின் முகவரியாகிவிட்டன.

ஒட்டுசுட்டானின் கதை இன்னும் அழகு. குரக்கன் அறுத்த பிறகு நிற்கும் தாளான ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தான்தோன்றீஸ்வரர் கோயிலின் ஐதீகம். வரலாற்று உண்மையோ இல்லையோ, இங்கே குரக்கன் சேனைதான் முந்தியது, நெல் வயல் பிந்தியது என்ற விவசாய வரலாறு அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

பெயர் எவ்வளவு ஆழமானது என்பதை 2025இல் மறுபடி பார்த்தோம். ஆனையிறவில் புதிய உப்புத் தொழிற்சாலை திறந்தபோது உப்பு 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயரில் வந்தது. ஆனையிறவு உப்பு என்றே வர வேண்டும் என்று உடனே குரல் எழுந்தது. வெளியாருக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். உப்பளம் முடங்கிக் கிடந்த காலம் முழுவதும் மக்களிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான் என்பது தெரிந்தால் கோபம் புரியும்.

மாறாமல் நிற்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. முறிகண்டிப் பிள்ளையார். ஏ9இல் போகும் வாகனம் இங்கே நிற்கும். சாரதி இறங்கிக் கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டு ஏறுவார். பயணிகள் கையில் கச்சான் சரை. கோயில் சின்னது, கட்டடமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் செய்கிற ஒரு பழக்கம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

## கற்சிலைமடுக் கல் சொல்வது

அடையாள இடம் காலத்தோடு பொருள் மாறும். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனை இந்தப் பக்கத்தில் தோற்கடித்தார் என்பது அதில் இருந்த செய்தி. அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்திருந்தான். அதற்குப் பழிவாங்கிய வெற்றியின் அடையாளமாகத்தான் கல் வந்தது.

நட்டவர்களின் நோக்கம் தங்கள் வெற்றியைச் சொல்வது. வன்னி மக்கள் அதைத் தங்கள் மன்னனின் கல்லாக எடுத்துக்கொண்டார்கள். எதிரி எழுதிய வரியைத் தங்கள் வீரனுக்குச் சாட்சியாக்கினார்கள். 2010இல் அந்தக் கல் உடைக்கப்பட்டபோது வந்த துக்கம் அதைக் காட்டியது.

ஊர் அருங்காட்சியகம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரு பொருளின் பக்கத்தில் அட்டை எழுதும்போது யார் வைத்தது, என்ன எழுதியது என்பதோடு நிறுத்தக்கூடாது. பிறகு ஊர் அதை என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். முல்லைத்தீவில் போரில் அழிந்த வெளிச்சவீட்டுக்கும் இதே முறைதான். கப்பலுக்கு அது எச்சரிக்கை. கரைக்கு வரும் மீனவருக்கு அது வீட்டுத் திசை.

## அடையாளம் போனால் காணி என்னாகும்?

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். பழசைச் சேர்ப்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு காணிப் பெர்மிட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வன்னியில் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்டவை. காணிக் கச்சேரி வைத்து ஆளைத் தெரிந்து, முதலில் அனுமதிப்பத்திரம், பிறகு அளிப்புப் பத்திரம். அதில் நாற்புற எல்லை என்று ஒரு பகுதி. வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாரின் காணி, மேற்கே குளக்கட்டு. பல இடப்பெயர்வுகளில் தோளில் சுமந்த கடதாசி. மடிப்புகளில் கிழிந்து, பொலித்தீன் உறைக்குள் மூன்று துண்டாகக் கிடக்கும். மையில் எழுதிய பெயர் மழையில் கலங்கியிருக்கும், சுற்றியிருக்கும் எல்லை வரி மட்டும் வாசிக்கலாம்.

இப்போது வண்டிப்பாதை இல்லை. வாய்க்கால் தூர்ந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். கடதாசி இருந்தும் காணியைக் காட்ட முடியவில்லை. கடதாசியும் தொலைந்தவர்கள் நிலை அதைவிட மோசம். அரச அலுவலகங்களில் இருந்த பிரதிகளும் போரில் பெருமளவு அழிந்துவிட்டன. இதன் விளைவுகளை மூன்றாகப் பார்க்கலாம்.

1. காடென்ற வாதம். இருபது வருடம் ஆளில்லாத ஊரில் காடு வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது அது வனப்பகுதி என்று எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். ஊர் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? பாலையும் முதிரையும் காட்டு மரங்கள். புளி, மா, தென்னை மனிதன் வைத்தவை. காட்டுக்குள் ஒரு கட்டுக்கிணறும் நாலு தென்னங்குற்றியும் ஒரு நேர்கோட்டில் இருந்தால் அங்கே ஒரு வளவு இருந்தது. இதைப் பார்த்தவுடன் சொல்லும் கண் மூத்தவர்களிடம்தான் உண்டு.

2. மற்றவர் குடியிருப்பு. இடம்பெயர்ந்த காலத்தில் வேறொருவர் காணியில் இருந்துவிட்டார். பத்து வருட ஆட்சியுரிமை என்ற வாதம் இங்கே வரும். போரால் திரும்ப முடியாதவர்களுக்கு நிவாரணமாக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் இன்ன காணி, இன்ன எல்லை என்று காட்ட வேண்டியது உரிமை கோருபவர்தான்.

3. அரச உரிமை கோரல். 2025 மார்ச் 28 வர்த்தமானியில் வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்ற அறிவித்தல் வந்தது. எதிர்ப்பு எழுந்தது, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அது நின்றது. ஆனால் அந்த வாரங்களில் வீட்டுக்கு வீடு றங்குப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடிய பதற்றம் மறக்கக்கூடியதல்ல.

ஊரவர் கூடி வரைந்த வரைபடம் காணி உறுதிக்குச் சமமாகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண் நம்பிக்கை வளரும். ஆனால் பத்துப் பேர் தனித்தனியே ஒரே இடத்தில் ஒரே கிணற்றைக் குறித்தால், தேதியும் கையெழுத்தும் இருந்தால், நில அளவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் பேசத் தொடங்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

## நிகழ்வு எப்படி நடக்க வேண்டும்

நாற்காலி போட்டுப் பேச்சு வைத்தால் பேசுபவருக்குத்தான் ஞாபகம் வரும். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். நடைமுறையில் பலன் தரும் ஒழுங்கு இது.

நிலத்தில் வரைபடம். மண்டபத் தரையில் பெரிய தாள்களை ஒட்டி மூன்றே கோடு போட வேண்டும். ஏ9 வீதி, ரயில் பாதை, பெரிய வாய்க்கால். மாறாத மூன்றையும் வைத்தால் மற்றதை ஊரவர் நிரப்புவார்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தை முதலிலேயே விரித்து வைக்கக்கூடாது. வைத்தால் சனம் தன் ஞாபகத்தை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டும். பிறகு ஒப்பிடலாம். கூகுள் எர்த்தில் பழைய செய்மதிப் படங்களையும் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி. "உங்கள் ஊரின் வரலாறு என்ன?" என்றால் மௌனம்தான் வரும். "அம்மம்மா, நீங்கள் பள்ளிக்கூடம் போகேக்க எதைத் தாண்டிப் போனீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். படலை, மதகு, ஐயர் வீட்டு மாமரம், நாய் நிற்கும் மில் என்று ஒரு நடை முழுக்க வரும். பிள்ளைகளைக் கேட்க வைப்பதில் இன்னொரு நன்மை, பெரியவர்கள் அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லமாட்டார்கள்.

ஆண்டு கண்டுபிடித்தல். வன்னியில் மூத்தவர்கள் ஆண்டைச் சொல்வதில்லை, சம்பவத்தைச் சொல்வார்கள். அதை மாற்றிக்கொள்ள ஒரு பட்டியல் கையில் வேண்டும்.

- புயல் என்றால் பெரும்பாலும் 1964 டிசம்பர்.
- கலவரம் என்றால் கேட்க வேண்டும்: 1958ஆ, 1977ஆ, 1983ஆ?
- இந்தியன் ஆமி காலம்: 1987 முதல் 1990 வரை.
- இராணுவ நடவடிக்கைகளின் பெயர்கள்: சத்ஜெய 1996, ஜெயசிக்குறு 1997 மே தொடக்கம்.
- பாதை திறந்தது: 2002. (2009க்குப் பிறகும் ஒருதடவை திறந்தது, கவனம்.)
- சுனாமி: 2004 டிசம்பர் 26.
- முகாம் என்றால் 2009 முதல். மெனிக் பாம் மூடியது 2012 செப்டெம்பர்.

"மூத்தவள் பிறந்து, ஜெயசிக்குறுவுக்கு முதல்" என்று ஒருவர் சொன்னால் ஒன்றிரண்டு வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

படம். வன்னியில் வீட்டு அல்பங்கள் பெரும்பாலும் கடைசி மாதங்களில் போய்விட்டன. சிலர் புதைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தபோது ஈரத்தில் எல்லாம் ஒட்டிக்கிடந்தது. மிஞ்சியவை வெளிநாட்டில். அண்ணனுக்கு அனுப்பிய கல்யாணப் படம், தங்கையின் சாமத்திய வீட்டுப் படம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் பின்னணியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் கார்க் கதவுக்குப் பின்னால் பாதி தெரியும் கடைப் பெயர்ப்பலகை, பந்தலுக்கு மேலே தெரியும் மில் புகைபோக்கி, ரயில் நிலையத்து வேலி. ஒட்டும் பக்கமுள்ள அல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்கக்கூடாது, பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் பண்ணலாம். பின்புறத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். மூலப்படம் அன்றைக்கே உரியவர் கையில். ஏற்கனவே எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் "விட்டுவிட்டுப் போங்கள், பிறகு தருவோம்" என்று கேட்பது நியாயமில்லை.

பொருள். கொஞ்சம்தான் வரும். பங்கர் மூடியிருந்த ரயில் சிலிப்பர்க் கட்டை ஒன்று வந்தால் போதும். யாழ்தேவி ஓடிய பாதை எப்படிக் குண்டுக்கு மறைப்பானது, 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வரும்வரை 23 வருடம் ரயிலையே காணாமல் ஒரு தலைமுறை எப்படி வளர்ந்தது என்று ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

## யாருடைய ஞாபகம்?

வரைபடத்தைச் சுற்றி இருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்து ஊர் மாறும். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்கள் வாழ்கிறார்கள். காணி இருந்தவர் சொல்லும் ஊரும், அந்தக் காணியில் கூலிக்கு நாற்று நட்டவர் சொல்லும் ஊரும் ஒன்றல்ல. குடியேற்றக்காரருக்கு மில்லும் சங்கக் கடையும் அடையாளம். கூலிக்குப் போனவருக்கு விடிய முதல் ஆள் பிடிக்க ட்ராக்டர் வந்து நிற்கும் சந்தி அடையாளம். இரண்டாவது இதுவரை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் மக்களின் ஞாபகமும் இதில் வர வேண்டும். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிவாசலும் கடையும் அவர்கள் படித்த பள்ளிக்கூடமும் முல்லைத்தீவின் தொலைந்த அடையாளங்கள்தான். புத்தளத்தில் இருப்பவர்களைக் கூப்பிடாமல் வரைந்த முல்லைத்தீவு வரைபடம் பாதி வரைபடம்.

## எதைத் திறப்பது, எதை மூடுவது

வரும் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது, அதன் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. சீருடையில் ஒரு பிள்ளை நிற்கும் படம் தாய்க்கு ஒரே படமாக இருக்கலாம். அது பொதுவில் வந்தால் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு விசாரணையும் ஆகலாம். ஆகவே படியெடுக்கும்போதே மூன்று பிரிவு கேட்க வேண்டும்: எல்லாரும் பார்க்கலாம், ஊருக்குள் மட்டும், குடும்பத்துக்கு மட்டும். முடிவு கொடுப்பவருடையது. பிறகு மனம் மாறினால் எடுத்துவிடும் உரிமையும் அவருக்கே.

பொதுவில் வைக்கக்கூடியதைக் காப்பதற்கு வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தித் திறந்து வைத்துள்ளது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த சமூகம், பிரதி ஒன்றை மட்டும் ஓரிடத்தில் வைக்காது. ஒன்று அப்படியான எண்ணிமக் காப்பகத்தில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று பிரதேச செயலகத்தில். காணி எல்லை சம்பந்தப்பட்டவை கிராம சேவையாளருக்கும் போக வேண்டும்.

அவசரம் ஏன் என்றால் வயது. 1936இல் பத்து வயதில் தகப்பனோடு வண்டியில் வந்த பிள்ளைக்கு இன்று வயது நூறை ஒட்டியிருக்கும். காடு வெட்டியதைக் கண்ணால் கண்டவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலே அதிசயம். இனிக் கையில் இருப்பது ஐம்பது, அறுபதுகளின் பிள்ளைகள். அவர்களோடு மிளகாய்க் காலமும் யாழ்தேவியும் மில்லும் இன்னும் பேச முடியும்.

தரையில் வரைந்த தாளை நிகழ்வு முடிந்ததும் சுருட்டி அலுமாரியில் வைக்கக்கூடாது. சனசமூக நிலையத்தின் சுவரில், பேப்பர் வாசிக்க வருபவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். அடுத்த கிழமை வந்து பார்த்தால் மில்லின் இடத்தை ஒருவர் அடித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டிருப்பார். அதற்கு அடுத்த கிழமை இன்னொருவர் அதையும் அடித்து, கீழே தன் பெயரையும் எழுதியிருப்பார்.